மண்மாரி எந்த வருஷம்?

மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைப் படவேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். எங்களுக்கு ரேணுகாம்பாள் குலதெய்வம். வேலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். மாப்பிள்ளையாகப் போகிறவரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், எங்கள் பக்கத்து மண்ணையும் வெயிலையும் அன்றுதான் பகலில் பார்க்கிறார். கணியம்பாடி, கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசலில் வண்டி உள்ளே திரும்பியதும் வாழைத்தோட்டம் ஆரம்பித்துவிடும். எதிரே ஜவ்வாது மலை. அந்தத் திருப்பத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. ‘இது பெரிய ராஜதானி தெரியுமா? ஆயிரத்தெட்டு சிவன் கோயில், நூற்றெட்டுப் பெருமாள் கோயில். ஒரே ராத்திரியில் மண்மாரி பெய்து எல்லாம் மூடிப்போச்சு’ என்று ஆரம்பித்தேன். எங்கள் ஆயா சொன்ன அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மரியாதையாகத்தான், ‘எந்த வருஷம் மாமா?’ என்றார்.

‘அது இருக்கும் ஒரு ஐநூறு, அறுநூறு வருஷம்’ என்று இழுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டார். என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அம்மனைப் பார்த்தோம், பத்திரிகை வைத்தோம், திருநீறு வாங்கிக்கொண்டோம். அங்கே தரும் திருநீறு சாணத்தில் சுட்டதல்ல, ஜமதக்னி முனிவர் யாகம் செய்த இடத்தில் வெட்டியெடுத்த மண் என்பார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் வெளுத்த மண்தான். அதை நெற்றியில் இட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். கேள்வி மட்டும் இறங்கவில்லை. ஐம்பத்தாறு வயது வரைக்கும் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒருவர்கூட வருஷம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆயாவின் சட்டி

ஆயா கதை சொல்லும்போது ஒரு சட்டி வரும். ‘அடுப்புல சோறு வெந்துகினு இருந்துது கண்ணு. தளதளன்னு. வடிக்கலாம்னு எழுந்தவ அப்படியே நின்னா, மண்ணு கொட்டிச்சு. அந்தச் சட்டி இன்னும் அடியில கீது.’ சின்ன வயதில் எனக்கு ராஜாவும் தெரியாது, கோட்டையும் தெரியாது, அந்தச் சட்டி மட்டும் தெரியும். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் காலடியில் எங்கோ ஒரு சட்டி, அதில் பாதி வெந்த சோறு என்று நினைத்துக்கொண்டு மெதுவாகக் கால் வைத்து நடந்திருக்கிறேன்.

மண் ஏன் கொட்டியது என்பதற்கு ஆயாவிடம் இரண்டு காரணம் உண்டு. ஒருநாள் அம்மன் கோபம் என்பாள், இன்னொரு நாள் ராஜா செய்த அநியாயம் என்பாள். ரேணுகாதேவியின் தலையைப் பெற்ற மகனே வெட்டிய கதை எங்கள் ஜில்லா முழுக்க நிலத்தோடு ஒட்டியிருக்கிறது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போவதும் இதே கதைதான். படவேட்டிலும் வழிபாடு சிரசுக்கு. தலை வெட்டுப்பட்ட தாய் குடியிருக்கிற ஊரில் மண்மாரி பெய்தது என்றால் யாருக்கு அதிசயமாக இருக்கும்?

சரி, கதை கிடக்கட்டும். ராஜதானி என்பது நிஜம். சம்புவராயர்கள் இருந்த ஊர். சம்புவரையர் என்றாலே மாளிகையில் ரகசியக் கூட்டம் போட்ட சதிகாரர் என்று நினைக்கிற அளவுக்கு ஒரு தொடர்கதை நம் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். சோழருக்குக் கீழே சிற்றரசராக இருந்து, சோழர் ஓய்ந்த காலத்தில் தனியாக எழுந்து, தொண்டைமண்டலத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர்கள் இவர்கள். படவேட்டு அம்மையப்பர் கோயிலில் 1258ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இராசகம்பீரச் சம்புவராயர் பெயரைச் சொல்கிறது. பின்னால் வந்த ஒருவருடைய பட்டப்பெயரே ‘வென்றுமண்கொண்டான்’. மண்ணை வென்று எடுத்தவரின் ஊரை மண் எடுத்துக்கொண்டது என்று மேடைப் பேச்சாளர் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார், எனக்கு வேண்டாம்.

ஊரின் பெயர் படைவீடு. படை தங்கும் இடம். பேச்சில் தேய்ந்து படவேடு ஆகிவிட்டது. எங்கள் வேலூரில் ஒரு ரயில் நிலையத்துக்கு வேலூர் கண்டோன்மெண்ட் என்று பெயர். கண்டோன்மெண்ட் என்றால் என்ன? படைவீடுதான். தினமும் காட்பாடி வண்டிக்கு ஓடுகிறவர்களுக்கு இது தோன்றியிருக்காது, எனக்கும் இப்போதுதான் தோன்றியது.

விரிஞ்சிபுரத்தில் இறங்கிய பாளையம்

வருஷம் தேட ஆரம்பித்தபோது முதலில் போய் நின்ற இடம் கம்பணன். விஜயநகரத்துப் புக்கராயரின் மகன், மதுரை சுல்தான்களை முடித்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே குமார கம்பணன். மதுரைக்குப் போவதற்கு முன்னால், 1360களில், அவன் முதலில் மோதியது எங்கள் சம்புவராயரோடு. அவனுடைய மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பைச் சமஸ்கிருதக் காவியமாகவே எழுதி வைத்திருக்கிறாள், மதுரா விஜயம். அதில் படை முளுவாயிலிருந்து, இன்றைய கர்நாடகத்து முல்பாகலிலிருந்து, கிளம்பி வந்து பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் பாளையம் இறங்குகிறது. சம்புவராயன் இராசகம்பீர மலைக்கோட்டைக்குள் போய்க்கொள்கிறான். கோட்டையை முற்றுகை போடுகிறார்கள். கடைசியில் இருவரும் நேருக்கு நேர் வாள்சண்டை போட, சம்புவராயன் விழுகிறான். அந்த இராசகம்பீரம் படவேட்டு மலைதான் என்கிறார்கள்.

விரிஞ்சிபுரம் என்று படித்ததும் எனக்கு ஒரு திடுக்கிடல். என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஊர். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கார்த்திகை கடைசி ஞாயிறில் பிள்ளைவரம் கேட்டு சிம்ம தீர்த்தத்தில் முழுக்குப் போடப் பெண்கள் கூட்டமாக வருவார்கள், அந்த ஈரச்சேலைக் கூட்டம்தான் எனக்கு அந்த ஊர். அங்கே குதிரைகளைக் கட்டி, பாலாற்று ஊற்றில் தண்ணீர் காட்டி, படவேட்டின் மேல் பாய ஒருவன் காத்திருந்தான் என்பது எனக்குப் புதுசு.

ஆக, ஊரை முடித்தது மண்மாரி அல்ல, கம்பணன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வருஷம் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வாட்ஸப்பில் ‘சுமார் 1363’ என்று அடித்து அனுப்பவும் போனேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

இற்றை நாள் முதலாக

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பத்திரிகைக் கட்டு. பக்கத்தில் நகைச்சீட்டு அட்டை, சமையல்காரர் எழுதிக் கொடுத்த மளிகைப் பட்டியல். எல்லோரும் படுத்த பிறகு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியை, ஹுல்ஷ் 1890இல் பதிப்பித்ததை, போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படவேட்டைத் தேடித்தான் போனேன். அகப்பட்டது விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டு ஒன்று. காலம் சக வருஷம் 1347, அதாவது 1425-26. ஆட்சி விஜயநகரத்து தேவராயருடையது.

அதில் போரில்லை, கோட்டையில்லை. கல்யாணம் இருந்தது. ‘இற்றை நாள் முதலாக இந்தப் படைவீட்டு இராச்சியத்து’ என்று வருகிறது. இந்த இராச்சியத்துப் பிராமணர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட தேசத்தவர்) என எல்லாருக்குமாகக் கூடிப் பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. இனிமேல் கல்யாணம் என்றால் கன்னியாதானமாக மட்டுமே செய்ய வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலும் சரி, பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் சரி, அரச தண்டனையும் உண்டு, சாதியிலிருந்தும் தள்ளிவைப்பார்கள். அப்போது பொன், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போயிருக்கிறது! நான் நகைச்சீட்டு அட்டையைப் பார்த்தேன். பதினோரு தவணை கட்டி முத்திரை குத்தியிருந்தது. எங்கள் வீட்டில் பொன் எந்தப் பக்கமாகப் போகிறது என்று அந்த அட்டைக்குத் தெரியும்.

சிரித்துவிட்டு அடுத்த பக்கம் தள்ளியிருப்பேன். ஆனால் அந்த மூன்று சொல் பிடித்துக்கொண்டது. இந்தப் படைவீட்டு இராச்சியத்து. கம்பணன் வந்துபோய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் கல்லும் மண்ணுமாகக் கிடக்க வேண்டிய காலம். இங்கே நாலு மொழிக்காரர்கள் உட்கார்ந்து, பெண்ணுக்கு எவ்வளவு பொன் என்ற சில்லறைத் தகராறைப் பேசித் தீர்க்கிறார்கள், அதுவும் படைவீட்டின் பெயரில். அழிந்துபோன ஊரை ‘இந்த’ என்று யாரும் சொல்வார்களா?

அப்புறம் நானே என்னைக் குறுக்கே மடக்கினேன். பெயர் இருந்தால் ஊர் இருக்கிறது என்று அர்த்தமா? நாங்கள் வடாற்காட்டுக்காரர்கள். ஆர்க்காடு நவாபு காலத்துப் பெருமையெல்லாம் போன பிறகும் ஜில்லா அதன் பெயரில்தான் ஓடியது. 1911 வரை தலைநகரம் சித்தூர், அதற்கப்புறம் வேலூர். ஆர்க்காட்டில் மக்கன் பேடா மட்டும் பாக்கி. எங்கள் அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் அவருடைய தகர டப்பாவில் தேய்ந்த ரப்பர் ஸ்டாம்புகள் கிடக்கும். ஒன்றில் வட ஆர்க்காடு. இன்னொன்றில் வட ஆர்க்காடு அம்பேத்கர், 1989இல் ஜில்லாவைப் பிரித்தபோது வந்தது. மற்றொன்றில் வெறும் வேலூர். பிரித்துத் தனியாகப் போன பாதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். படவேடும் அந்தப் பக்கம் போனது. அறுநூறு வருஷம் கழித்து ராஜாவின் பெயர் மறுபடி போர்டில் ஏறி, பத்து வருஷம் முடிவதற்குள், மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது அதுவும் இறங்கிவிட்டது. பெயரை நம்பி ஊரைச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு சந்தேகம் கெட்டியாகிவிட்டது. ஒரே ராத்திரி என்று ஒன்று இல்லவே இல்லையோ? 1566இல் சின்ன பொம்மு நாயக்கர் காலத்துக் கல்வெட்டுகளில் வேலூர் பெரிய இடமாக வந்து நிற்கிறது. நம் ஜலகண்டேஸ்வரர் அதில் ஜுரகண்டேஸ்வரர், காய்ச்சலை முடிக்கிறவர். கோட்டை எழும்புகிறது, அகழியில் தண்ணீர் நிற்கிறது, நாயக்கர் இங்கே இருக்கிறார். கணக்கெழுதுகிறவரும் கல் கொத்துகிறவரும் எங்கே இருப்பார்கள்? படவேட்டை மூடிய மண்ணில் எங்கள் வேலூர் மண்ணும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். சரித்திரக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

நாம எப்ப வந்தோம்?

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவீட்டு விருந்தன்று அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்திரண்டு வயது, நினைவு கல்வெட்டு மாதிரி. ‘அத்தை, நம்ம குடும்பம் படவேட்டுப் பக்கத்துல இருந்து வேலூருக்கு எந்த வருஷம் வந்துது?’ என்று கேட்டேன். ஏதோ ஒரு பஞ்சம், ஒரு வெள்ளம், ஒரு பங்காளிச் சண்டை, இப்படி எதையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

‘வந்தோமா?’ என்றாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். ‘எங்க நைனா மொதல்ல மண்டிக்கு வேலைக்கு வந்துகினு போய்கினு இருந்தாரு. சனிக்கிழமை பஸ்ஸுல வருவாரு. அப்பால சலவன்பேட்டையில ஒரு ரூம் எடுத்தாரு. மழைக்காலத்துல அம்மாவும் கூட வந்து இருக்கும். அப்பால உங்கப்பன இங்க இஸ்கூல்ல சேத்தாங்க. அறுப்புக்கு மட்டும் போவோம். அப்பால நெலத்த வாரத்துக்கு உட்டாச்சு. அப்பால வித்தாச்சு.’

‘வீடு?’

‘வீடு இருந்துதே. ஆடிக்குப் போனா அங்கதான் தங்குவோம். ஒரு வருஷம் போனா ஓடு சரிஞ்சிருந்துது. அடுத்த வருஷம் பின்கட்டு. அப்பால கோயில்லயே படுத்துக்குனு வந்துட்டோம்.’ மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். ‘எந்த வருஷம்னு கேட்டா இன்னா சொல்றது?’

நான் எதுவும் பேசவில்லை. சட்டி கதை சொன்ன ஆயா இந்த அத்தையின் அம்மாதான். மழைக்காலத்துக்கு மட்டும் என்று சலவன்பேட்டை ரூமுக்கு வந்து, அப்படியே நாற்பது வருஷம் தங்கிவிட்டவள். அந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மூடிப்போன ராஜதானியைப் பற்றி மட்டும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு விரக்கடை

ஆனி கடைசியில் நான் மட்டும் தனியாகப் படவேட்டுக்குப் போனேன். ஆடிக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு இந்தத் தடவை மற்ற கோயில்களைச் சுற்றினேன். எத்தனை தடவை வந்து, எத்தனை தடவை அம்மனோடு திரும்பியிருக்கிறோம்! யோகராமரை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். வில் இல்லை, அம்பு இல்லை. சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமார் சுவடி வைத்துக்கொண்டு படிக்கிறார். படைவீடு என்ற ஊரில் ஆயுதம் கீழே வைத்த ராமர். இந்தக் கோயில்கள் இப்படி எழுந்து நிற்பது சமீபத்திய கதை. டிவிஎஸ் நிறுவனத்து வேணு ஸ்ரீனிவாசன் முன்னின்று பல கோயில்களைத் திருப்பணி செய்திருக்கிறார், 1992-93இல் மாநிலத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வும் செய்தது. எனக்கு நினைவு தெரிந்து முள்ளுக்குள் கிடந்தவை இப்போது வெள்ளையடித்து நிற்கின்றன. சில இடங்களில் பெயிண்ட் கொஞ்சம் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மையப்பர் கோயிலுக்குப் போகிற வழியில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தண்ணீர் கேட்டேன். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார வைத்தார். பேச்சு எப்படியோ மண்மாரிக்கு வந்தது. அவரும் அதே கதையைத்தான் சொன்னார், சட்டி மட்டும் இல்லை. ‘நீங்க நம்பறீங்களாண்ணா?’ என்றேன்.

மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மேற்கே மலையைக் காட்டினார். ‘அங்க பேஞ்சா ஆறு இங்க கொண்டாந்து போடும் சார். கலங்கலா வரும். தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா இவ்ளோ நிக்கும்.’ ஆள்காட்டி விரலைக் குறுக்கே நீட்டிக் காட்டினார். ‘ஒரு விரக்கடை. அடுத்த மழைக்கு அதுமேல இன்னொரு விரக்கடை. நாங்க வாரி வாரிப் போட்டுக்கினே இருக்கோம், அதனால தோட்டமா கீது. வார்றதுக்கு ஆளில்லன்னா?’

அந்த விரலில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது, அம்மன் கோயிலில் பொட்டலம் கட்டித் தரும் அதே வெளுத்த நிறம். விரலைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஒரு விரக்கடை என்று வைத்தாலும் ஒரு ஆள் உயரத்துக்கு நூறு வருஷம் போதும்.

கிணறு வெட்டும்போது ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன். ‘செங்கல்லு வந்துது. பெருசு பெருசா, தட்டையா. இப்ப அந்த மாதிரி எவன் அறுக்கறான்?’ என்றார். எங்கே அது என்றதற்குக் கொட்டகைக்குள் கையைக் காட்டினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மூலைக்கு ஒன்றாக நாலு செங்கல், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய்.

‘எடுத்துப் பாக்கலாமா?’

‘மோட்டார் ஆடும் சார்’ என்றார். ‘தண்ணி பாஞ்சு முடியட்டும்.’

நான் உட்கார்ந்தேன். இன்னும் நாலு பாத்தி பாக்கி இருந்தது.